வீட்டு ரீலோடிங் பிரஸ்ஸில் அளவு நிலைக்காதபோது எங்கே தேட வேண்டும்

அமெரிக்காவில் துப்பாக்கி சுடும் விளையாட்டில் ஈடுபடுவோர் பலர், சுட்டு முடித்த பித்தளைக் கூடுகளை எறிந்துவிடாமல், தம் சொந்தப் பயன்பாட்டுக்காக வீட்டிலேயே மீண்டும் தோட்டாவாக்கிக் கொள்கிறார்கள். இதுவே ரீலோடிங்; கைப்பிடியை இறக்கி இந்த வேலையைச் செய்யும் அழுத்தக் கருவி பிரஸ். கூடு, அதன் அடியில் தீப்பொறி தரும் பிரைமர், உள்ளே பவுடர், வாயில் அமரும் புல்லட் ஆகியவை சேர்ந்ததே ஒரு தோட்டா. விற்பனைத் தொழிலாகச் செய்யாதவரை அங்கே கூட்டாட்சி உரிமம் தேவையில்லை. இந்தியாவிலோ 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டத்தின்படி உரிமம் இன்றித் தோட்டா தயாரிப்பது குற்றம் என்பதால், கீழே சொல்லப்படுபவை அமெரிக்கச் சூழலில் .308 வின்செஸ்டர் போன்ற ரைபிள் தோட்டாவைச் சட்டப்படி ரீலோட் செய்பவரை மனத்தில் கொண்டவை.

வழக்கமான புகார் இப்படித்தான் இருக்கும். தோட்டாவின் மொத்த நீளம் 2.800 அங்குலம் வரும்படி டையை, அதாவது பிரஸ்ஸில் திருகி வைக்கும் அச்சைப் பொருத்தி இருபது தோட்டாக்களை முடித்த பின் அளந்து பார்த்தால், ஒன்று 2.793, இன்னொன்று 2.806 என்று சிதறிக் கிடக்கும். உடனே கை டையின் திருகுக்குப் போகும். ஒரு தோட்டாவுக்காகக் கால் சுற்று இறக்குவதும் அடுத்ததற்காக அதே கால் சுற்றை ஏற்றுவதுமாக ஒரு மாலைப் பொழுது வீணாகிவிடும். டை இரும்பால் ஆனது, தானாக நகராது. சிதறல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும்வரை அதைத் தொடாமல் இருப்பதே முதல் வேலை.

தேடலை அளவுகோலிலிருந்து தொடங்க வேண்டும். காலிப்பரின் தாடைகளைத் துடைத்துப் பூச்சியம் வைத்து, ஒரே தோட்டாவை எடுத்து, ஒவ்வொரு முறையும் முழுவதுமாக விடுவித்து, பத்து முறை அளந்து எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பத்து எண்களுக்குள்ளேயே 0.002 அங்குல வேறுபாடு இருந்தால், நீங்கள் பிரஸ்ஸின் மேல் சுமத்தும் பழியில் அவ்வளவும் உங்கள் கட்டைவிரலின் அழுத்தத்தைச் சேர்ந்தது.

அடுத்தது புல்லட்டின் மூக்கு. பந்தய வகைப் புல்லட்டுகளின் திறந்த முனை சீராக வெட்டப்பட்டிருப்பதில்லை, ஈயம் தெரியும் மென்முனைப் புல்லட்டுகளோ பெட்டிக்குள் உருண்டே நசுங்கிவிடும். ஆனால் புல்லட்டை உள்ளே தள்ளும் சீட்டிங் டையின் தண்டு முனையைத் தொடுவதில்லை. முனைக்குச் சற்றுக் கீழே, வளைவின் மேல் அமர்ந்துதான் அழுத்துகிறது. ஆகவே முனைவரை அளந்த நீளம் சிதறியிருந்தாலும் வளைவுவரை அளந்த நீளம் ஒன்றாகவே இருக்கலாம். காலிப்பரில் கம்பாரேட்டர் என்னும் துளையிட்ட துணைக்கருவியைப் பொருத்தி, கூட்டின் அடியிலிருந்து வளைவின் குறிப்பிட்ட விட்டம்வரை அளந்து பாருங்கள். பல வீடுகளில் புகார் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். இருப்பினும் முனைவரையிலான அளவைக் கைவிட்டுவிடக் கூடாது; .308 தோட்டாவுக்கு வகுக்கப்பட்ட உச்ச நீளமான 2.810 அங்குலம் முனைவரை அளக்கப்படுவதுதான், தோட்டா துப்பாக்கியின் மேகசினுக்குள் அடங்குமா என்பதையும் அதுவே தீர்மானிக்கிறது.

மொத்த நீளத்தைப் போலவே, கூட்டின் உடல் கழுத்தாகக் குறுகும் சரிவான தோள்பட்டையின் அளவும் சிதறலாம்; அதைச் சரிபார்ப்பவர்கள் சுட்ட பிரைமரை முதலில் அகற்றிவிட வேண்டும். வெளியே துருத்திய பிரைமரோ அதன் குழியைச் சுற்றிய மேடோ காலிப்பரில் பட்டு, இல்லாத வளர்ச்சியைக் காட்டிவிடும்.

அளவீடு தெளிந்த பிறகும் சிதறல் நீடித்தால் பித்தளையைச் சந்தேகியுங்கள். பிரஸ்ஸை விடப் பித்தளையே குற்றவாளியாக இருப்பதுதான் அதிகம் என்பது என் கணிப்பு. ஒவ்வொரு முறை சுடும்போதும் அளவுக்குக் கொண்டுவரும்போதும் பித்தளை இறுகுகிறது; இறுகிய பித்தளை டையிலிருந்து வெளியே வந்ததும் சற்றே பழைய உருவத்துக்குத் திரும்பப் பார்க்கும். இரண்டு முறை சுட்ட கூடும் எட்டு முறை சுட்ட கூடும் ஒரே டைக்குள் போய் வெவ்வேறு தோள்பட்டை அளவோடு வெளிவருவது இதனால்தான். சுடுகளத் தரையில் பொறுக்கிய, பல நிறுவன முத்திரைகள் கலந்த கூடுகளைக் கொண்டு டையைப் பொருத்த முயல்வது, ஊரில் உள்ள எல்லாருக்கும் ஒரே அளவில் சட்டை தைப்பதைப் போன்றது. முத்திரை வாரியாகவும் சுட்ட எண்ணிக்கை வாரியாகவும் பிரித்து, ஒரே குவியலிலிருந்து பத்துக் கூடுகளை மட்டும் எடுத்துச் சோதித்தால், குறை பித்தளையிலா கருவியிலா என்பது புலப்படும். பழைய கூடுகளின் கழுத்தையும் தோளையும் சூடேற்றி மென்மையாக்கும் அனீலிங் முறை இந்த வேறுபாட்டைக் குறைக்கும். ஆனால் கூட்டின் அடிப்பகுதிக்குச் சூடு போய்விட்டால் அது மென்மையாகி அழுத்தத்தைத் தாங்காது என்பதால், அப்படிப்பட்ட கூட்டை நசுக்கி எறிவதைத் தவிர வேறு வழியில்லை.

டைக்குள் தள்ளும் முன் கூட்டின் மேல் பூசும் மசகும் இதே கணக்கில் சேரும். ஒரு கூட்டில் கனமாகவும் அடுத்ததில் மேலோட்டமாகவும் பூசினால், டைக்குள் நுழையத் தேவைப்படும் விசை மாறுகிறது, விசை மாறினால் பிரஸ் வளையும் அளவும் மாறுகிறது, கடைசியில் தோள்பட்டை ஓரிரண்டு ஆயிரத்தில் ஒரு பங்கு அங்குலம் தள்ளிப் போகிறது. ஒவ்வொரு முறையும் கையால் போல்ட்டை இழுத்து இயக்கும் ரைபிளுக்குத் தோள்பட்டையைப் பின்தள்ளும் அளவே 0.001 முதல் 0.002 அங்குலம்தான் என்னும்போது இது சிறிய பிழை அல்ல. எல்லாக் கூடுகளுக்கும் ஒரே அளவில் மெல்லப் பூசி, கைப்பிடியை அடிவரை இறக்கியதும் இரண்டு மூன்று விநாடி அப்படியே பிடித்திருந்து பிறகு உயர்த்துங்கள். இந்தச் சிறு நிறுத்தம் காசு கேட்காத சிகிச்சை.

கூட்டின் நீளத்தைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. .308க்கு உச்சம் 2.015 அங்குலம், வெட்டிச் சீராக்கும் அளவு 2.005 அங்குலம். புல்லட்டை அமர்த்துவதும் வாயை இறுக்கும் கிரிம்ப் வேலையும் ஒரே டையில் ஒரே வீச்சில் நடந்தால் மட்டும் நீளம் பெரிய தொல்லையாகும்; நீண்ட கூட்டில் கிரிம்ப் முந்திக்கொண்டு புல்லட்டைப் பாதி வழியில் பிடித்துவிடும். இரண்டையும் தனித்தனி வீச்சாகப் பிரித்துவிடுங்கள்.

இப்போதுதான் பிரஸ்ஸின் முறை. கூட்டின் அடியைப் பிடிக்கும் ஷெல் ஹோல்டரைக் கழற்றி அதன் அடியிலும், அதைத் தாங்கி ஏறி இறங்கும் ராம் என்னும் தண்டின் தலையிலும் படிந்த கரியைத் துடையுங்கள். சுட்ட பிரைமரிலிருந்து உதிரும் கரித்துகள் அங்கே சேர்ந்து கூட்டைச் சாய்த்துவிடும். பிரஸ்ஸை மேசையோடு பிணைக்கும் போல்ட்டுகளை முடுக்கி, கைப்பிடியை இறக்கும்போது மேசை விளிம்பு தலையாட்டுகிறதா என்று கவனியுங்கள். டையை அசையாமல் பூட்டும் லாக் ரிங்குக்கும் பிரஸ்ஸின் உடலுக்கும் குறுக்கே ஒரு பேனாக் கோடு போட்டு, இருபது தோட்டாக்களுக்குப் பின் கோடு விலகியிருக்கிறதா என்று பார்த்தால், டை சுழல்கிறதா என்னும் கேள்விக்கு விடை கிடைத்துவிடும். சீட்டிங் தண்டையும் கழற்றிப் பாருங்கள். அதன் குழியில் மெழுகும் ஈயமும் அடைத்திருந்தால் தோட்டாக்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் குறுகிக்கொண்டே போகும். குழியின் வடிவம் புல்லட்டோடு ஒத்துப்போகாவிட்டால் புல்லட்டின் மேல் வளையமாக ஒரு தடம் பதியும்.

ஒவ்வொரு இழுப்பிலும் பல வேலைகள் சேர்ந்து நடக்கும் புரோகிரசிவ் பிரஸ்ஸில் வேறொரு சூட்சுமம் உண்டு. எல்லா நிலையங்களிலும் கூடுகள் இருக்கும்போது, முதல் நிலையத்தில் கூட்டை அளவுக்குக் கொண்டுவரும் விசை, கூடுகளைத் தாங்கும் ஷெல் தட்டை ஒரு பக்கமாகச் சாய்க்கிறது. தட்டு பாதி காலியாக இருக்கும் தொடக்கத்திலும் முடிவிலும் அந்தச் சாய்வு அதே அளவில் இராது. எனவே ஒரு தொகுதியின் முதல் சில தோட்டாக்களும் கடைசிச் சிலவும் நடுவில் வந்தவற்றோடு ஒத்துப்போகாமல் இருப்பது இயல்பே. தட்டு நிறைந்த நிலையில் டையைப் பொருத்தி, ஓரத்துத் தோட்டாக்களைத் தனியே வைத்து அளந்துகொள்ளுங்கள். இந்தச் சோதனைகள் அனைத்தையும் பவுடரும் பிரைமரும் இல்லாத வெற்றுத் தோட்டாக்களைக் கொண்டே செய்ய வேண்டும்.

பவுடரின் அளவு நிலைக்காமல் போவது வேறு இனம், அதில் கவனமும் வேறு விதம். மின்னணுத் தராசைச் சோதனைக்கு வெகு நேரம் முன்பே இயக்கி வைத்து, அதனுடன் வந்த எடைக்கல்லால் சரிபார்த்து, ஏசிக் காற்றும் மின்விசிறிக் காற்றும் படாத இடத்தில் வையுங்கள். ஒரு பவுண்டில் 7,000 கிரெயின் உண்டு. தராசு காட்டும் 0.1 கிரெயின் என்பது ஏறத்தாழ ஆறரை மில்லிகிராம், ஒரு மூச்சுக்காற்றுக்கே அது அசையும். பவுடரை அளந்து கொட்டும் அளவையியில் பத்து வீச்சுகளைத் தனித்தனியாக நிறுத்து எழுதுங்கள். பத்தையும் சேர்த்து நிறுத்துப் பத்தால் வகுத்தால் சராசரி அழகாக வந்து சிதறலை மறைத்துவிடும். குச்சி வடிவப் பவுடர் சுழல் உருளையில் சிக்கி அறுபடுவதால், உருண்டை வடிவப் பவுடரைப் போல அது சீராக விழாது. பவுடர் குப்பியின் மட்டம் பாதிக்குக் கீழே போகாமலும் கைப்பிடியின் தாளம் மாறாமலும் பார்த்துக்கொள்வது பெரும்பாலும் போதும்.

புல்லட்டின் வேகம் சிதறுகிறது என்பதற்காகப் பவுடரைக் கூட்டிப் பார்ப்பது மட்டும் கூடவே கூடாது. வெளியிடப்பட்ட கையேட்டின் எல்லைக்குள் நின்று, புல்லட், பிரைமர், கூடு ஆகியவற்றில் எது மாறினாலும் தொடக்க அளவுக்குத் திரும்ப வேண்டும். புல்லட் ஆழமாக இறங்குவது துல்லியத்தை மட்டும் தொடும் விஷயமும் அல்ல, 9 மி.மீ. போன்ற சிறிய கூடுகளில் உள்ளிடம் சிறிது குறைந்தாலே அழுத்தம் வெகுவாக உயரும். புல்லட்டை வைக்கும் முன் ஒவ்வொரு கூட்டுக்குள்ளும் விளக்கடித்துப் பாருங்கள். பவுடர் இல்லாத கூடும் இருமுறை விழுந்த கூடும் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.

சோதனை முடிந்து ஒதுக்கி வைத்த தோட்டாக்களில், கிரிம்ப் செய்யாத நீண்டவற்றை மீண்டும் சீட்டிங் டையில் ஏற்றி இறக்கிவிடலாம். மிகவும் ஆழமாக இறங்கியவற்றையும், பவுடர் குறித்துச் சிறு சந்தேகம் உள்ளவற்றையும், புல்லட் புல்லர் கொண்டு பிரித்துவிட வேண்டும். ஒரு தோட்டாவில் சந்தேகம் என்றாலும், அது எந்தத் தோட்டா என்று உறுதியாகத் தெரியாதபோது, அந்தத் தொகுதி முழுவதையும் பிரிக்க வேண்டும். பிரித்த பவுடரை அது எந்த டப்பாவிலிருந்து வந்தது என்று ஐயமறத் தெரிந்தாலொழியத் திரும்பக் கொட்டாதீர்கள். பாதுகாப்புக் கண்ணாடி அணியாமல் இந்த வேலையில் கை வைக்காதீர்கள்.