நாய்க்குப் பலகாரம் கொடுப்பதற்கு முன் பிட்டுப் பாருங்கள்

தீபாவளிக் காலையில் பலகாரத் தட்டுடன் உட்கார்ந்தால், காலடியில் வந்து நம் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும் நாய்க்கு ஒரு துண்டாவது போடாமல் சாப்பிட மனம் வருவதில்லை. சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக்கு வந்திருந்த சிறுமி ஒருத்தி லட்டைப் பாதியாகப் பிட்டு எங்கள் நாய் மணிக்கு நீட்டினாள். பிட்ட இடத்தில், பூந்திகளுக்கு நடுவே நெய்யில் உப்பிய இரண்டு உலர்திராட்சைகள் பளபளத்ததைக் கண்டு நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எந்தப் பலகாரமானாலும் பிட்டு, உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்த பிறகே மணிக்குக் கொடுப்பது என்ற வழக்கம் அன்று தொடங்கியது. அந்த வழக்கத்தை நீங்களும் கடைப்பிடிக்க வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் திராட்சை. பச்சையாக இருந்தாலும் உலர்ந்திருந்தாலும் அது நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. சில நாய்கள் கைநிறையத் தின்றும் ஒன்றும் ஆகாமல் இருக்க, சில நாய்கள் கொஞ்சம் தின்றே நோயுறுகின்றன என்பதால், இத்தனை வரை கொடுக்கலாம் என்று எந்த மருத்துவரும் அளவு சொல்வதில்லை. இதற்குக் காரணம் திராட்சையில் உள்ள டார்டாரிக் அமிலம்தான் என்ற விளக்கம் 2021-ஆம் ஆண்டு முதல் கால்நடை மருத்துவர்களிடையே வலுப்பெற்றிருக்கிறது. தமிழ் வீடுகளுக்கு இது இரட்டிப்பு முக்கியமான செய்தி, ஏனென்றால் அதே அமிலம் நம் புளியில் நிறைய இருக்கிறது. புளியைத் தின்ற நாய்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கப்பட்ட நிகழ்வுகளும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியுள்ளன. ஆகவே பாயசம், கேசரி, சர்க்கரைப் பொங்கல், லட்டு ஆகியவற்றில் திராட்சையைத் தேடுவதோடு, புளிமிட்டாய், புளியோதரை, பானையில் ஊறும் புளி ஆகியவற்றையும் நாய்க்கு எட்டாத இடத்தில் வையுங்கள். பாயசத்திலிருந்து திராட்சையைப் பொறுக்கி எடுத்துவிட்டு மீதியை ஊற்றுவது சரியாகாது. அது அந்தப் பாலிலேயே வெந்திருக்கிறது.

அடுத்தது வெங்காயமும் பூண்டும். இவற்றிலுள்ள கந்தகச் சேர்மங்கள் நாயின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைத்து இரத்தசோகையை உண்டாக்குகின்றன. வதக்கினாலும் பொரித்தாலும் பொடியாக்கினாலும் அந்தத் தன்மை போவதில்லை. உடல் எடையில் கிலோவுக்கு 15 கிராம் அளவில் வெங்காயம் உள்ளே போனாலே இரத்தத்தில் மாற்றம் தொடங்கலாம். 30 கிலோ எடையுள்ள லாப்ரடாருக்கு அது அரைக் கிலோவுக்குச் சற்றே குறைவு. 3 கிலோ பொமரேனியனுக்கோ 45 கிராம்தான், அதாவது மாலையில் வாங்கிவரும் ஒரு பொட்டலம் வெங்காயப் பக்கோடாவுக்குள் அடங்கிவிடும் அளவு. மசால் வடை, சமோசா, பூண்டு போட்டு வறுத்த மிக்சர், பூண்டு முறுக்கு எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். தினம் கொஞ்சமாகக் கொடுத்துவந்தாலும் பாதிப்பு சேர்ந்துகொண்டே போகும் என்பதால், நேற்று ஒன்றும் ஆகவில்லை என்பதை நம்பி இன்றும் கொடுக்கக் கூடாது.

சாக்லேட்டைப் பற்றிப் பலரும் கேள்விப்பட்டிருப்பார்கள், ஆனால் அளவை அறிந்தவர்கள் குறைவு. அதிலுள்ள தியோபுரோமினை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுகிறது. கிலோ எடைக்கு 20 மில்லிகிராம் அளவில் வாந்தியும் பதற்றமும் தொடங்கும், 40 முதல் 50-இல் இதயத் துடிப்பு தாறுமாறாகும், 60-ஐ எட்டினால் வலிப்பு வரலாம். 10 கிலோ நாய்க்கு அந்த முதல் எல்லை சுமார் 100 கிராம் பால் சாக்லேட்டில் வந்துவிடும். கறுப்புச் சாக்லேட்டானால் 40 கிராமே போதும், கோகோ தூளானால் 10 கிராமுக்கும் குறைவு. காப்பித்தூளும் தேயிலைத்தூளும் இதே வகையான ஆபத்துதான். இவற்றைவிட எனக்கு அதிக அச்சம் தருவது, சர்க்கரை இல்லாதது என்று அச்சிட்டு விற்கப்படும் சூயிங்கமும் மிட்டாயும். அவற்றில் சேர்க்கப்படும் சைலிட்டால் நாயின் உடலில் இன்சுலினைத் திடீரென்று சுரக்கச் செய்து, பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள்ளேயே இரத்தச் சர்க்கரையை ஆபத்தான அளவுக்கு இறக்கிவிடும். கிலோவுக்கு 0.1 கிராமே அபாய எல்லை. சிறிய நாய்க்குச் சில வகைச் சூயிங்கத்தில் ஒன்றே அந்த எல்லையைத் தாண்டிவிடும். பொட்டலத்தின் பின்புறம் சைலிட்டால் என்றோ 967 என்ற எண்ணோ இருக்கிறதா என்று பாருங்கள். வேர்க்கடலை வெண்ணெய் வாங்கும்போதும் இதைப் பார்ப்பது நல்லது.

இவை எதுவும் இல்லாத சாதா முறுக்கு, காராசேவு, சிப்ஸ் நஞ்சல்ல. அவற்றிலுள்ள உப்பு, ஒன்றிரண்டு துண்டுகளால் நாயைக் கொன்றுவிடாது. தாகமெடுக்கச் செய்யும், அவ்வளவுதான். தொல்லை எண்ணெயில் இருக்கிறது. எண்ணெயில் பொரித்தவற்றை ஒரே நாளில் நிறையத் தின்ற நாய்க்குக் கணைய அழற்சி வரக்கூடும். விடாத வாந்தியும், வயிற்றைத் தொட்டாலே குறுகி நிற்பதும் அதன் அடையாளங்கள். பண்டிகைக்கு மறுநாள் இந்த அடையாளங்களைக் கண்டால், ஏதோ அஜீரணம் என்று விட்டுவிடாதீர்கள். நீங்கள் ஒரு துண்டு, பாட்டி ஒரு துண்டு, விருந்தினர் ஆளுக்கொரு துண்டு என்று கொடுத்தது, கூட்டிப் பார்த்தால் ஒரு தட்டு ஆகியிருக்கும். பண்டிகை நாளில் நாய்க்கு ஊட்டும் பொறுப்பை வீட்டில் ஒருவரிடம் மட்டும் விடுங்கள்.

அளவைக் கணக்கிட நாயின் எடை தெரிய வேண்டும். நீங்கள் மட்டும் எடை பார்க்கும் கருவியில் ஏறி நின்று, பிறகு நாயைத் தூக்கிக்கொண்டு ஏறினால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே அதன் எடை. வீட்டில் வளரும் 10 கிலோ நாய்க்கு ஒரு நாளுக்குச் சுமார் 600 கலோரி போதும். அதில் பத்தில் ஒரு பங்கு, அதாவது 60 கலோரிக்கு மேல் நொறுக்குத் தீனியாகப் போகக் கூடாது. ஒரு குளுக்கோஸ் பிஸ்கட்டில் 20 கலோரிக்கு மேல் இருக்கும், ஆகவே இரண்டோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். 25 கிராம் எடையுள்ள ஒரு கை முறுக்கு, நாளைய பங்கையும் சேர்த்துத் தின்றுவிடும்.

கொடுக்கக்கூடியவை நம் வீட்டிலேயே இருக்கின்றன. உப்பும் காரமும் சேராத பொரி, பொட்டுக்கடலை, உப்பின்றி வேகவைத்துத் தோலுரித்த வேர்க்கடலை நாலைந்து, வாழைப்பழத் துண்டு, விதை நீக்கிய தர்ப்பூசணி, கேரட், வேகவைத்த சர்க்கரைவள்ளிக் கிழங்கு ஆகியவற்றைச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். வேர்க்கடலையில் பூஞ்சை வாடை இருந்தால் மொத்தமாகக் கொட்டிவிடுங்கள், அந்தப் பூஞ்சையின் நஞ்சு கல்லீரலைக் கெடுக்கும். நாங்கள் பண்டிகைக்குப் பலகாரம் சுடும்போது, உப்பு போடுவதற்கு முன்பே அரிசி மாவில் ஓர் உருண்டை எடுத்து, ஆவியில் வேகவைத்து, மணிக்கென்று தனிக் கிண்ணத்தில் வைத்துவிடுகிறோம். நாங்கள் சாப்பிடும் நேரத்திலேயே கிடைப்பதால் அதுவும் முறுக்கைக் கேட்பதில்லை.

வெளியிடங்களில் வேறு விதமான கவனம் தேவை. மெரினா மணலில் சுட்ட சோளத்தைத் தின்றுவிட்டு எறியும் தக்கையை நாய் விழுங்கினால் அது குடலை அடைத்து அறுவைசிகிச்சை வரை கொண்டுபோகும், மாங்கொட்டையும் அப்படியே. காலியான சிப்ஸ் பொட்டலத்துக்குள் மூக்கை நுழைத்த நாய் மூச்சிழுக்கும்போது பொட்டலம் முகத்தோடு ஒட்டி மூச்சை அடைத்துவிடலாம், அதனால் பொட்டலத்தை நீளவாக்கில் கிழித்துப் போடுங்கள்.

தின்னக் கூடாததைத் தின்றுவிட்டால், அறிகுறி தெரியும்வரை காத்திருக்க வேண்டாம். தின்று இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுபோனால் பெரும்பாலும் மருத்துவரே பாதுகாப்பாக வாந்தி எடுக்கவைக்க முடியும். வீட்டில் உப்பைக் கரைத்து ஊற்றாதீர்கள். அந்த உப்பே நஞ்சாகிவிடும். எதை, எவ்வளவு, எத்தனை மணிக்குத் தின்றது என்பதையும் நாயின் எடையையும் ஒரு தாளில் எழுதி, பொட்டலத்தையும் கையோடு எடுத்துச் செல்லுங்கள். திராட்சை, புளி என்றால் முதல் நாளில் வாந்தியும், அடுத்த இரண்டு மூன்று நாட்களில் சிறுநீர் குறைவதும் தெரியலாம். வெங்காயத்தின் பாதிப்பு வெளியே தெரியச் சில நாட்கள் ஆகும். அதனால் ஒரு வாரம் வரை தினமும் காலை வெளிச்சத்தில் உதட்டை விலக்கி ஈறைப் பாருங்கள், இளஞ்சிவப்பு வெளிறியிருந்தாலோ சிறுநீர் பழுப்பாகப் போனாலோ அன்றே மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்லுங்கள்.