நிலாவை மறந்துவிட்டு வாசியுங்கள்: ‘மூன்லைட்’ சொனாட்டாவில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

முதல் தவறு பெயரிலேயே தொடங்குகிறது. பீத்தோவன் 1801-இல் எழுதி, 1802-இல் அச்சான இந்த சி ஷார்ப் மைனர் பியானோ சொனாட்டாவுக்கு (ஓபஸ் 27, எண் 2) அவர் கொடுத்த அடைமொழி ‘குவாஸி ஊனா ஃபான்டஸியா’, அதாவது ஏறக்குறைய ஒரு ஃபான்டஸி, கட்டற்ற கற்பனை இசை. நிலாவைக் கொண்டுவந்தவர் லூட்விக் ரெல்ஷ்டாப் என்ற விமர்சகர். அது பெயராகவே பரவியது பீத்தோவன் 1827-இல் இறந்த பிறகு. அந்தப் பெயரை நம்பி உட்காருகிறவர்கள் முதல் பகுதியை ஏரிக்கரைத் தாலாட்டாக்கிவிடுகிறார்கள். இசையில் இருப்பது வேறு. மோட்சார்ட்டின் ‘டான் ஜொவானி’ ஓபராவில் படைத்தலைவர் குத்துப்பட்டுச் சாகும் காட்சியிலும் அடியில் இதே போல ட்ரிப்லெட்கள் (மூன்று மூன்றாக வரும் சம அளவு ஸ்வரங்கள்) ஓடும். இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டுப் பாருங்கள், நிலா தானாக மறைந்துவிடும்.

அடுத்தது வேகம். ‘அடாஜியோ’ (மெதுவாக) என்ற சொல்லைப் பார்த்தவுடன் இழுக்கத் தொடங்கிவிடுகிறோம். ஆனால் தாளக்குறியில் சி எழுத்தைக் கோடு வெட்டியிருக்கிறது. ஒரு பாருக்கு (தாளத்தின் ஒரு சுற்றுக்கு) இரண்டு அடி என்றுதான் மனம் எண்ண வேண்டும், நான்கு அல்ல. பீத்தோவனிடம் படித்த செர்னி கால் ஸ்வரத்துக்கு மெட்ரோனோமில் 54 கொடுக்கிறார். 40-க்கு இறங்கினால் சோகம் கூடாது. மெட்டு துண்டு துண்டாக அறுந்துபோகும், அவ்வளவுதான்.

மெட்டு நுழைவது ஐந்தாவது பாரின் கடைசிக் கால் அடியில். அங்கிருந்து ஜி ஷார்ப் மட்டுமே ஆறு முறை வருகிறது, ஏழாவது ஸ்வரம்தான் ஏ. நம் கணக்கில் சொன்னால் பஞ்சமத்திலேயே நின்றுவிட்டு, ஒரே ஒரு படி ஏறித் தைவதத்தைத் தொட்டுத் திரும்புவது. துக்கம் முழுவதும் அந்த நகராத ஸ்வரத்தில்தான் இருக்கிறது. இங்கே இரண்டு விஷயம் கெடும். ஒன்று, புள்ளி வைத்த தாளத்தில் (ஒரு நீள ஸ்வரம், ஒரு குட்டி ஸ்வரம்) வரும் குட்டி ஸ்வரத்தை ட்ரிப்லெட்டின் மூன்றாம் ஸ்வரத்தோடு சேர்த்து அடித்துவிடுவது. அது மூன்றாம் ஸ்வரம் ஒலித்த பிறகு, ஒரு நூலிழை தாமதித்து விழ வேண்டும். சேர்த்துவிட்டால் சாவு ஊர்வல நடை போய் ஊஞ்சலாட்டம் வந்துவிடும். இரண்டு, சுண்டுவிரல் மெட்டும் மற்ற விரல்களின் ட்ரிப்லெட்டும் ஒரே கனத்தில் ஒலிப்பது. இதற்குச் சுண்டுவிரலால் ஓங்கி அடிப்பது தீர்வில்லை. கையை வெளிப்பக்கம் லேசாகச் சாய்த்து, எடையைச் சுண்டுவிரலில் இறக்குங்கள். முதலில் ட்ரிப்லெட்டுகளை உடைக்காமல் முழு கார்டாக (ஸ்வரங்களை ஒரே நேரத்தில் சேர்த்து) மெதுவாக வைத்துக்கொண்டு, மேலே மெட்டை மட்டும் பாட விடுங்கள். அது நிலைத்த பிறகு கார்டை உடைக்கலாம்.

பெடல் தனிக் கதை. ‘சென்ஸா சோர்டினோ’ என்று பீத்தோவன் எழுதியதை, ‘சோர்டினோ’ ஒலியடக்கிதானே என்று இடது பெடலோடு முடிச்சுப் போடுகிறார்கள் சிலர். அவர் சொன்னது டாம்பர் (தந்தியின் ஒலியை அடக்கும் பகுதி) இல்லாமல், அதாவது டாம்பர்களைத் தூக்கி வைத்தபடி. அன்றைய வியன்னா பியானோக்களில் ஒலி சீக்கிரம் தேய்ந்துவிடும். இன்றைய கிராண்ட் பியானோவில் அப்படியே மிதித்து வைத்தால் மூன்றாவது பாருக்குள் சேறாகிவிடும். பாஸ் (இடது கையின் அடி ஸ்வரம்) மாறும்போதெல்லாம் பெடலையும் மாற்றுங்கள்: முதல் பாருக்கு ஒன்று, இரண்டாவதுக்கு ஒன்று, மூன்றாவதுக்கு இரண்டு. நான்காவது பாரில் பாஸ் ஜி ஷார்ப்பிலேயே நிற்கும், மேலே ஒவ்வொரு கால் அடிக்கும் கார்ட் மாறும். அங்கே பெடலை முழுக்க விடாமல் பாதி தூக்கி இறக்கினால் போதும்.

பதினாறாவது பாரில் பி-க்கு மேல் சி நேச்சுரல் உரசும். காதுக்குக் கசப்பாக இருக்கிறதென்று அவசரமாகத் தாண்டிவிடுவார்கள். கசக்கத்தான் வேண்டும், அதில் கொஞ்சம் சாய்ந்து நில்லுங்கள். அதேபோல் அறுபதாவது பாரிலிருந்து அந்தப் புள்ளித் தாளம் இடது கையின் அடியாழத்துக்கு இறங்கிவிடுகிறது. வலது கையையே கேட்டுப் பழகிய காதுக்கு அது தப்பிப்போகும்.

முதல் பகுதி முடிந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, கையைத் துடைத்து, மூச்சு வாங்கக்கூடாது. ‘அட்டாக்கா’ என்று எழுதியிருக்கிறது, உடனே தொடர வேண்டும். வரப்போகும் டி ஃபிளாட் மேஜரும் சி ஷார்ப் மேஜரும் பியானோவில் ஒன்றுதான். அதே வீட்டில் சட்டென்று விளக்கேற்றியது போல. நடுவே இருமல் சத்தம் புகுந்தால் அது தெரியாமலே போய்விடும்.

கடைசிப் பகுதியில் எல்லோரும் செய்வது ஒன்றே: முதல் ஸ்வரத்திலேயே இடித்துத் தள்ளுவது. அச்சில் இருப்பது ‘பியானோ’, மென்மை. ஸ்வரங்கள் அடங்கிய குரலில் மேலேறி, இரண்டாவது பாரின் இறுதியில் வரும் இரண்டு கார்டில்தான் வெடிப்பு. பெடலும் அங்கே மட்டும்தான். ஏறும்போதே பெடலை அமுக்கினால் வெடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது. பாதி வேகத்தில், பெடலே இல்லாமல், அந்த இரண்டு பாரை மட்டும் பழகுங்கள். ஏற்றத்தில் ஒலி கூடினால் திரும்பத் தொடங்குங்கள். என் கணிப்பில் இந்தச் சொனாட்டாவின் கனம் முழுவதும் இந்தப் பகுதியில்தான் சேர்கிறது. முதல் பகுதியிலேயே அழுது தீர்த்தவர்களுக்கு இங்கே கையிருப்பு இருக்காது.

முடிவுக்குச் சற்று முன், வேகமெல்லாம் வற்றி இரண்டே இரண்டு பார் ‘அடாஜியோ’ வரும். கை ஓடிய ஓட்டத்தில் அதைப் பாதியாக்கிவிடுவார்கள். அடிகளை வாய்விட்டு எண்ணி, முழு நீளமும் பிடித்துக்கொண்டு, அதன் பிறகு பழைய வேகத்தில் கிளம்புங்கள்.