காலிப்பணியிட அறிக்கை தயாரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

அனுமதிக்கப்பட்ட இளநிலை உதவியாளர் பணியிடம் 20, வேலை பார்ப்பவர்கள் 15, ஆகவே காலி 5. தமிழக அரசு அலுவலகங்களிலிருந்து தலைமையிடத்துக்குப் போகும் அறிக்கையில் முதல் பிழை இந்தக் கழித்தலில்தான் பிறக்கிறது.

நாற்காலி காலியாக இருப்பது வேறு, பணியிடம் காலியாக இருப்பது வேறு. அந்த ஐந்தில் ஒருவர் மகப்பேறு விடுப்பில் இருக்கலாம், ஒருவர் தற்காலிகப் பணிநீக்கத்தில் இருக்கலாம், இன்னொருவர் மாற்றுப்பணியில் வேறு அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கலாம். மூவரின் இடமும் நிரப்பத்தக்க காலி அல்ல. மாற்றுப்பணியில் வந்தவரை அந்த அலுவலகமும் தன் கணக்கில் சேர்த்துவிட்டால், இங்கே இல்லாத காலி ஒன்று முளைக்கும், அங்கே உண்மையான காலி ஒன்று மறையும். ஊதியம் எந்த அலுவலகத்தில் பெறப்படுகிறதோ அங்கேதான் அவரைக் காட்ட வேண்டும். மீதி இரண்டில் ஒன்று தற்காலிகப் பணியிடமாக இருந்தால் தொடர் நீட்டிப்பு ஆணை நடப்பில் உள்ளதா என்று பாருங்கள். ஆணை காலாவதியாகியிருந்தால் அந்த இடத்தில் ஆளைப் போட்டாலும் சம்பளம் போட முடியாது. முதலில் நீட்டிப்புக்கு எழுத வேண்டும்.

அடுத்தது எதிர்பார்ப்புக் காலி, அதாவது ஓய்வு போன்றவற்றால் இனி வரப்போகும் காலி. ஓய்வு வயது 2020-இல் 59 ஆகவும் 2021-இல் 60 ஆகவும் உயர்ந்தது. பழைய பதிவேட்டில் 58 கணக்கில் போட்ட ஓய்வு நாள் அப்படியே கிடந்தால், காலி இரண்டு ஆண்டு முன்னதாக வந்துவிடும். ஒன்றாம் தேதி பிறந்தவர்களைத் தனியாகப் பாருங்கள்: 1.4.1967-இல் பிறந்தவர் 31.3.2027 அன்றே ஓய்வு பெறுகிறார், 2.4.1967-இல் பிறந்தவர் 30.4.2027-இல்தான். ஒரு நாள் வித்தியாசத்தில் காலி நிதியாண்டு மாறிவிடுகிறது. கண்காணிப்பாளர் ஒருவர் ஓய்வு பெற்று, அந்த இடம் பதவி உயர்வில் நிரம்பினால் உதவியாளர் இடம் காலியாகும். அதையும் பதவி உயர்வில் நிரப்பினால் இளநிலை உதவியாளர் இடம் ஒன்று திறக்கும். இந்தத் தொடர்ச்சியை விட்டுவிடுவதால்தான் தேர்வாணையத்துக்குக் குறைந்த எண்ணிக்கை போகிறது. ஆண்டுக்கணக்கில் படித்துக் காத்திருக்கும் ஒரு பிள்ளையின் இடம் அது.

இனச்சுழற்சி என்பது எந்த இடம் எந்த இடஒதுக்கீட்டுப் பிரிவுக்கு என்று வரிசையாகச் சொல்லும் பட்டியல். அதை ஒவ்வொரு நியமனத்துக்கும் ஒன்றிலிருந்து தொடங்குவது எல்லாவற்றிலும் பெரிய தவறு. சுழற்சி 200 முறை, அதாவது 200 வரிசை எண்கள், கொண்டது. பழங்குடியினருக்கு 1 விழுக்காடு என்பதால் 200-இல் 2 முறைதான் வரும். நாலைந்து இடமாக நிரப்பிவிட்டு மறுபடி ஒன்றுக்குத் திரும்பினால் அந்த முறை வரவே வராது. கடந்த நியமனம் எந்த எண்ணில் நின்றதோ அதற்கு அடுத்ததிலிருந்து தொடருங்கள். தகுதியானவர் கிடைக்காமல் நின்ற குறைவுப் பணியிடங்களைப் புதிய காலியோடு கலக்காமல் தனியாகக் காட்டுங்கள்.

காலி ஒன்றும் இல்லையென்றாலும் இன்மை அறிக்கை அனுப்பியே ஆக வேண்டும். அது வராவிட்டால் காலி இல்லையா, கணக்கே எடுக்கவில்லையா என்று தலைமையிடத்துக்குத் தெரியாது. ஓர் அலுவலகத்துக்காக மாவட்டத்தின் தொகுப்பு முழுவதும் நிற்கும்.