மைலோ டின்னில் பழகிய முடிச்சு

கருப்பை நீக்க அறுவை ஒன்றில் உதவிக்கு நின்றேன். ஆழத்தில் முடிச்சுப் போடும்போது என் கை நூலை மேலே இழுத்தது. "திசுவைத் தூக்காதேம்மா" என்றார் மூத்த மருத்துவர். கருப்பைத் தமனியைக் கட்டும் இடத்தில் அப்படி இழுத்தால் திசு கிழிந்து ரத்தம் கொட்டும். அன்றிரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

லீவில் சுங்கை சிப்புட் வீட்டுக்கு வந்ததும் ஒரு காலி மைலோ டின்னை எடுத்தேன். அடியில் துளையிட்டு, நீள பலூனில் கொஞ்சம் சிவப்பு சிரப் தண்ணீர் நிரப்பி, அதன் வாயைத் துளை வழியே வெளியே இழுத்துக் கட்டினேன். டின்னுக்குள் நிற்கும் பலூனைச் சுற்றி நூலால் முடிச்சுப் போடுவதுதான் பயிற்சி. டின் ஆடக் கூடாதென்று மேசையோடு டேப் போட்டு ஒட்டினேன். அதுதான் தப்பு. எவ்வளவு இழுத்தாலும் டின் அசையாததால் என் பிழை எனக்கே தெரியவில்லை.

டேப்பைப் பிரித்தேன். இப்போது நூலைத் தூக்கினால் டின்னும் எழும்பும். ஆள்காட்டி விரலால் முடிச்சை அடிவரை தள்ளி, இரு முனைகளையும் எதிரெதிர்ப் பக்கமாக இறுக்கினால் டின் அப்படியே நிற்கும். அப்புறம் முடிச்சுக்கு மேலே பலூனை வெட்டி, சிந்தியதைத் துடைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். மறுபடி சிவப்பு கசிந்தால் முடிச்சு தளர்வு. பலூனில் சமையல் எண்ணெய் தடவினால் ஈரத் திசு போலவே வழுக்கும். கையுறை போட்டுத்தான் பழக வேண்டும்.

முப்பது வருடம் பால்மரம் (ரப்பர் மரம்) சீவிய அம்மா எதிரில் உட்கார்ந்திருந்தார். டின் எழும்பும்போதெல்லாம் "தூக்கிட்ட" என்பார். நாலாம் நாள் அவர் ஒன்றும் சொல்லவில்லை.