பொது இடத்தில் நாற்காலி, பெஞ்ச் போடுகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு நாற்காலி, வாசலை ஒட்டிய நடைபாதையில் ஒரு பெஞ்ச், பொது வராந்தாவில் ஒரு புத்தக அலமாரி. பெரும்பாலும் நல்ல எண்ணத்தில்தான் இவற்றைப் போடுகிறோம். மூச்சு வாங்க ஏறி வரும் பெரியவருக்கு அந்த நாற்காலி பெரிய உதவி. ஆனால் அதே நாற்காலியின் கால் முறிந்து அவருக்கு இடுப்பெலும்பு உடைந்தால், மருத்துவச் செலவு யாருடையது? இந்தக் கேள்வியை நாற்காலியைப் போடும் முன்பே கேட்டுவிட வேண்டும்.

"பொது இடம்தானே, யாருக்கும் பொறுப்பில்லை" என்று நினைப்பது முதல் தவறு. நடப்பது இதற்கு நேர்மாறானது. பொது இடம் என்றால் பொறுப்பாளிகள் கூடுகிறார்கள். பொருளைப் போட்டவர், இடத்துக்கு உரியவர், பராமரிப்பை ஏற்றுக்கொண்ட சங்கம் என்று காயமடைந்தவர் எல்லோரையும் சேர்த்தே வழக்கில் இழுக்கலாம். யார் எவ்வளவு கொடுக்க வேண்டும் என்பது அப்புறம்தான் முடிவாகும்.

"இலவசமாகத்தானே போட்டேன், யாரையும் உட்காரச் சொல்லவில்லையே" என்பது அடுத்தது. பழைய தீர்ப்புகளை முன்மாதிரியாகக் கொள்ளும் பொதுச் சட்ட மரபு (காமன் லா) உள்ள நாடுகளில் இதற்கான அடிப்படை பிரிட்டனில் 1932-ல் வந்த டோனஹு எதிர் ஸ்டீவன்சன் தீர்ப்பு. நம் செயலால் யாருக்குத் தீங்கு வரும் என்று நியாயமாக ஊகிக்க முடிகிறதோ, அவர்கள் விஷயத்தில் நாம் கவனமாக இருக்கக் கடமைப்பட்டவர்கள் என்றது அது. நாற்காலி கண்ணில் பட்டால் மனிதர்கள் உட்காருவார்கள். இதை ஊகிக்கப் பெரிய அறிவு தேவையில்லை. தன்னார்வலர்களைக் காக்கும் சட்டங்கள் சில நாடுகளில் உண்டு என்பது உண்மை. ஆனால் அவற்றின் எல்லை குறுகியது. அமெரிக்காவின் 1997-ம் ஆண்டு தன்னார்வலர் பாதுகாப்புச் சட்டம், லாப நோக்கமற்ற அமைப்புக்காகவோ அரசு அமைப்புக்காகவோ வேலை செய்கிறவருக்கானது. தனி ஆளாகத் தெருவில் பெஞ்ச் போட்டவருக்கு அது உதவாது. கடும் அலட்சியம் என்று தெரிந்தால் தன்னார்வலரையும் அது காப்பாற்றாது.

நான் மிகவும் கவலைப்படுவது பொருளின் தன்மையைப் பற்றி. வீட்டுக்குள் இருக்க வேண்டியதை வெளியே போடுகிறோம். வெயிலின் புற ஊதாக் கதிர் பட்டுக்கொண்டே இருந்தால் பிளாஸ்டிக் நாற்காலி உள்ளுக்குள் நொறுங்கும் தன்மைக்கு வந்துவிடும். நிறம் மங்கி, மேலே வெள்ளையாக மாவு படிந்தாற்போல் இருப்பது அதற்கான அடையாளம். பளு தாங்கும்போது அது வளைந்து எச்சரிக்காது. சட்டென்று கால் விரிந்து உடையும். மர பெஞ்சில் உளுத்துப் போவது பெரும்பாலும் தரையைத் தொடும் கால் நுனிதான், மேலே வார்னிஷ் பளபளத்துக்கொண்டிருக்கும். ஸ்க்ரூ துருப்பிடிப்பது மரத்துக்குள்ளே நடக்கிறது. "வெளியே பார்த்தால் நன்றாகத்தான் இருந்தது" என்ற பதில் எல்லா இடத்திலும் எடுபடாது. டெல்லி சாந்தினி சவுக் மணிக்கூண்டு இடிந்து விழுந்து மக்கள் இறந்த வழக்கில், 1966-ல் இந்திய உச்ச நீதிமன்றம் மாநகராட்சியைப் பொறுப்பாக்கியது. சாலையை ஒட்டிய கட்டடத்தின் உரிமையாளர் பழுது வெளியே தெரியவில்லை, உள்ளே மறைந்திருந்தது என்று சொல்லித் தப்ப முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். மணிக்கூண்டும் மர பெஞ்சும் ஒன்றல்ல. என்றாலும், பொதுமக்கள் புழங்கும் இடத்தில் ஒன்றை நிறுத்தியவர் அதை அவ்வப்போது சோதித்துப் பார்க்க வேண்டும் என்ற எண்ணம் இரண்டுக்கும் பொருந்தும்.

இதைவிட மோசமானது, பழுது தெரிந்தும் விட்டுவைப்பது. குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் ஒருவர் "அந்த பெஞ்ச் ஆடுது, பாருங்க" என்று எழுதுகிறார். நீங்கள் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டு மறந்துவிடுகிறீர்கள். ஒரு மாதம் கழித்து ஒருவர் விழுகிறார். உங்களுக்கு ஆபத்து முன்பே தெரியும் என்பதற்கு அந்தக் கட்டைவிரலே சாட்சி. புகார் வந்த அன்றே பெஞ்சை அங்கிருந்து எடுத்துவிடுங்கள், பழுது பார்ப்பது மெதுவாக நடக்கட்டும். தூக்க முடியாத கனம் என்றால் யாரும் உட்கார முடியாதபடி கயிறு கட்டித் தடுத்துவிட்டு, அதைப் படம் எடுத்து வையுங்கள்.

போடும் இடத்திலும் தவறு நடக்கிறது. காயம் படுகிறவர் உட்கார்ந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. இருட்டில் தடுக்கி விழுந்தவர், கைத்தடி ஊன்றி வரும் பார்வையற்றவர் இவர்களும்தான். மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்காவின் அணுகல் தர விதிகள் சக்கர நாற்காலி செல்லும் வழிக்குக் குறைந்தது சுமார் 915 மில்லிமீட்டர் அகலம் கேட்கின்றன. எந்த ஊராக இருந்தாலும் இந்த அளவை மனத்தில் வைத்துக்கொள்ளலாம். அவசரத்தில் இறங்கும் படிக்கட்டில் மட்டும் எதையும் வைக்காதீர்கள். புகை சூழ்ந்த நேரத்தில் அங்கே ஒரு ஸ்டூல்கூட உயிரை எடுக்கும். பொதுவழியை அடைப்பது பல நாடுகளில் தனிக் குற்றம். இந்தியாவின் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 285-ம் பிரிவு அதற்கானது.

குழந்தைகளை மறப்பதும் வழக்கம். பெரியவர்களுக்குப் போட்ட அலமாரி அவர்களுக்கு ஏணி. உயரமான எதையும் சுவரோடு பிணைக்காமல் நிறுத்தக் கூடாது. பெஞ்சின் சாய்வுப் பலகைகளுக்கு நடுவே உள்ள இடைவெளியையும் அளந்து பாருங்கள். ஐரோப்பிய விளையாட்டுத் திடல் தரமான ஈஎன் 1176, சுமார் 89 முதல் 230 மில்லிமீட்டர் வரையிலான திறப்புகளைத் தலை சிக்கிக்கொள்ளும் அபாயமாகவே பார்க்கிறது.

சரி, "சொந்தப் பொறுப்பில் பயன்படுத்தவும்" என்று பலகை மாட்டிவிட்டால்? அதை நம்பிப் படுத்துத் தூங்க முடியாது. இங்கிலாந்தில் 1977 முதலே சட்டப்படி, தொழில் நடத்துகிறவர் தன் கவனக்குறைவால் வரும் மரணத்துக்கும் காயத்துக்குமான பொறுப்பை ஓர் அறிவிப்பை வைத்து உதறிவிட முடியாது. ஆபத்து இன்னது என்று தெளிவாகச் சொல்லும் எச்சரிக்கைக்குக் கொஞ்சம் மதிப்புண்டு. ஆனால் "கால் உடைந்திருக்கிறது" என்று எழுதி ஒட்டத் தெரிந்தவர் அந்த நாற்காலியை எடுத்தே போட்டிருக்கலாமே என்று எதிர்த் தரப்பு கேட்கும்.

காயமடைந்தவர் மேலும் தவறு இருக்கலாம். பெஞ்சின் கைப்பிடி மேல் ஏறி நின்று குதித்தவருக்கு முழு இழப்பீடு கிடைப்பது கடினம். இங்கிலாந்தில் 1945 முதலே அவர் பங்குக்கு ஏற்ப இழப்பீட்டைக் குறைக்கச் சட்டம் உண்டு. குறையும் என்பதுதான் கணக்கு, ஒன்றுமே தர வேண்டாம் என்பதல்ல.

அனுமதியை வாய்வார்த்தையாக வாங்காதீர்கள். சங்கத்துக்கோ உள்ளாட்சிக்கோ பொருளைக் கொடுக்கிறீர்கள் என்றால், இன்ன தேதி முதல் உரிமையும் பராமரிப்பும் அவர்களுடையது என்று ஒரு கடிதம் வாங்கிவிடுங்கள். அது இல்லாமல் ஊரை விட்டுப் போனாலும் பெஞ்ச் உங்கள் பெயரிலேயே நிற்கும். வீட்டுக் காப்பீட்டில் தனிநபர் பொறுப்புக்கான பிரிவு இருந்தால், வீட்டுக்கு வெளியே வைத்த பொருளுக்கும் அது பொருந்துமா என்று எழுத்தில் கேளுங்கள்.

இவ்வளவுக்கும் பிறகு யாராவது விழுந்துவிட்டால், முதலில் அவருக்கு மருத்துவ உதவி. அவர் நலம் விசாரிக்கத் தயங்க வேண்டாம். ஆனால் காரணம் தெரியும் முன்பே "எல்லாம் என் தப்பு" என்று எழுதிக் கொடுக்காதீர்கள். பயத்தில் உடைந்த நாற்காலியைக் குப்பையில் போடுவதுதான் பலரும் செய்யும் கடைசித் தவறு. ஆதாரத்தை அழித்தார் என்ற பெயர் வரும். உங்கள் பக்கத்தை நிரூபிக்கும் வழியும் அதோடு போய்விடும். துண்டுகளை அப்படியே பத்திரப்படுத்தி, இடத்தைப் பல கோணங்களில் படம் எடுத்து, பார்த்தவர்களின் பெயரைக் குறித்துக்கொண்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு உடனே தெரிவியுங்கள். தாமதமான தகவலைக் காரணம் காட்டியே அவர்கள் கைவிரிக்கலாம்.