சொந்தபந்தத்தில் எல்லை வகுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொங்கு நாட்டில் உறவினர் ஒருவரிடமிருந்து விலகுவது, அவரோடு பேச்சை நிறுத்துவதோடு முடிந்துவிடுவதில்லை. பாகம் பிரித்த பின்னும் கிணறு பொதுவிலேயே இருக்கும். ஒருவருடைய தோட்டத்தின் வழியாகத்தான் மற்றவர் சாளைக்கு, அதாவது தோட்டத்து வீட்டுக்கு, வண்டித்தடம் போகும். குலதெய்வக் கோயில் வரிக்கு இருவரும் ஒரே பட்டியலில் இருப்பார்கள். கல்யாணமென்றால் மாப்பிள்ளைக்கு இணைச்சீர் என்னும் சடங்கைச் செய்ய உடன்பிறந்தவள் வந்தாக வேண்டும். ஆகவே, நிம்மதியைக் கெடுக்கும் பங்காளியிடமோ தமையனிடமோ மாமியாரிடமோ, 'இனி உங்கள் வாசற்படி மிதிக்க மாட்டேன்' என்று ஒரேயடியாக முறித்துக்கொள்வதுதான் பெரும்பாலோர் செய்யும் முதல் தவறு. அடுத்த மாதமே இழவு வீட்டில் அவர் பக்கத்தில் நிற்க நேரும்போது சொன்ன சொல் உடைகிறது. அதன் பிறகு நீங்கள் சொல்லும் எதையும் அவர் பொருட்படுத்த மாட்டார். எந்த விஷயத்தில் தொல்லை வருகிறதோ அதில் மட்டும் விலகி, நல்லது கெட்டதுகளுக்குப் போய்வருவதே காப்பாற்றக்கூடிய எல்லை.

பணம் அத்தகைய விஷயங்களில் முதன்மையானது. பனியன் கம்பெனியோ விசைத்தறியோ கோழிப்பண்ணையோ நடத்தும் சொந்தக்காரர் கடனுக்கு ஜாமீன் கையெழுத்துக் கேட்டால், மறுக்கத் துணிவில்லாமல் 'பத்திரம் பேங்கில் இருக்கிறது' என்று சாக்குச் சொல்கிறார்கள். பத்திரம் வீட்டுக்கு வந்ததும் அவரும் வந்துவிடுவார். 1872ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டப்படி, ஒப்பந்தத்தில் வேறுவிதமாகக் கூறப்படாதவரை, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன் வாங்கியவரின் பொறுப்புக்குச் சமமானது என்பதை நினைவில் வைத்து, 'மாமா, நான் யாருக்கும் ஜாமீன் போடறதில்லைங்க' என்று காரணம் அடுக்காமல் சொல்லிவிடலாம். மரியாதை குறையாமல் மறுப்பது இந்தப் பக்கத்தாருக்குப் புதிதன்று. ஆனால் மறுத்த அதே ஆண்டில் மச்சானுக்குக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் சொல்லுக்கு மதிப்பிருக்காது. மறுத்த புதிதில் வற்புறுத்தல் முன்னைவிடக் கூடும். அழுகையும் பழிச்சொல்லும் வரும். அப்போது இளகிப்போனால், இன்னும் சற்று அழுத்தினால் காரியம் நடக்கும் என்றுதான் அவர் கற்றுக்கொள்கிறார்.

சீர் வீட்டிலும் நோம்பிக்கு (பண்டிகைக்கு) கூடிய கூட்டத்திலும் மனக்குறையைக் கொட்டுவது அடுத்த பிழை. நாலு பேர் முன்னால் சொன்னால் அது மானப் பிரச்சினையாகிவிடும், சொன்ன செய்தி காணாமற்போய்விடும். வாட்ஸ்அப் குடும்பக் குழுவுக்கும் இது பொருந்தும். தாயைத் தூது விடுவதும், பிள்ளைகளை அப்பாரு (தாத்தா) வீட்டுக்கு அனுப்பாமல் நிறுத்தி வைப்பதும், சண்டையில் இல்லாதவர்களைச் சண்டைக்குள் இழுப்பவை.

நிலத்தில் செய்யும் தவறு நெடுநாள் வருத்தும். 'எதுவும் வேண்டாம், நிம்மதி போதும்' என்று கோபத்தில், தம் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிடும் பெண்கள் இங்கே உண்டு. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் 1989இல் தமிழ்நாடும் 2005இல் நாடாளுமன்றமும் செய்த திருத்தங்கள் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகளுக்கும் பங்கு அளித்திருக்கின்றன. பதிவான பத்திரத்தை மனம் மாறிய பின் ரத்து செய்வது எளிதன்று. உறவில் விலகுவதற்கு உரிமையை விட்டுக்கொடுக்கத் தேவையில்லை. மாறாக, பாகப்பிரிவினைப் பத்திரத்தில் கிணற்றுத் தண்ணீர் முறை, மோட்டார் ஓட்டும் நாட்கள், தடத்தின் அகலம், பழுது பார்க்கும் செலவு ஆகியவற்றைத் தெளிவாக எழுதிவிட்டால் அன்றாடம் பேசித் தீர்க்க வேண்டியவை குறைகின்றன. என் கணிப்பில், பங்காளிகளுக்கிடையே நூறு சமாதானப் பேச்சு செய்யாததை இத்தகைய ஒரு பக்கம் செய்யும்.

வயதான பெற்றோர் கடுமையானவர்களாக இருந்தால் அவர்களைப் பார்க்கும் நேரத்தைக் குறைக்கலாம். பராமரிப்பைக் கைவிட முடியாது. தம்மைக் காத்துக்கொள்ள வழியற்ற பெற்றோர், பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புக்கான 2007ஆம் ஆண்டின் சட்டப்படி தீர்ப்பாயத்தில் பராமரிப்புத் தொகை கோரலாம். மாதந்தோறும் குறித்த தேதியில் பணம் அனுப்பி, மருத்துவச் செலவை உடன்பிறந்தோருடன் முன்கூட்டியே பிரித்துக்கொண்டால், ஒவ்வொரு மாத்திரைக்கும் வாக்குவாதம் எழாது.

அடி, மிரட்டல், வீட்டில் அடைத்து வைத்தல் ஆகியவற்றுக்கு மேற்சொன்ன பக்குவம் எதுவும் பொருந்தாது; 'குடும்ப விஷயம் வெளியே போகக் கூடாது' என்று காத்திருப்பது ஆபத்தானது. குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைக் காக்கும் 2005ஆம் ஆண்டுச் சட்டம் கணவரோடு நிற்காமல் ஒரே வீட்டில் வாழும் உறவினர் இழைக்கும் கொடுமைக்கும் பொருந்தும். பெண்கள் 181 என்ற எண்ணை எந்நேரமும் அழைக்கலாம்.