இழைப் புரதமா, கோளப் புரதமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புரதங்களை நீண்ட இழை, உருண்டையாக மடிந்த கோளம் என்று இரு வகையாகப் பிரிக்கிறோம். தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் இழை, இரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபின் கோளம். இதை யாரும் மாற்றி எழுதுவதில்லை. ஏன் என்று கேட்டால்தான் விடைத்தாள்கள் தடம் புரள்கின்றன.

சுருளைக் கண்டதும் 'இழை' என்று முடிவுகட்டுவது

எத்தனை முறை திருத்தினாலும் திரும்ப வந்து எரிச்சலூட்டும் தவறு இது. தசையில் ஆக்சிஜனைப் பிடித்துவைக்கும் மயோகுளோபினின் சங்கிலியில் கண்ணிகளாக 153 அமினோ அமிலங்கள். அவற்றில் ஏறத்தாழ முக்கால் பங்கு ஆல்ஃபா சுருளில், அதாவது சங்கிலி வில்கம்பிபோல் சுருண்ட பகுதியில்தான் இருக்கிறது. ஆனாலும் அது கோளப் புரதம். பட்டின் புரதமான ஃபைப்ரோயினில் பெரும்பகுதி பீட்டா தாள், அதாவது நீண்ட சங்கிலித் துண்டுகள் பக்கம் பக்கமாக அடுக்கிய அமைப்பு. ஆனால் அது இழை. ஆகவே சுருளா, தாளா என்பது அளவுகோலே அல்ல.

பார்க்க வேண்டியவை இரண்டு: ஒரே அமைப்பு எவ்வளவு தூரம் நீள்கிறது, நீர்வெறுக்கும் (நீரோடு ஒட்டாத) பக்கம் எதை நோக்கி இருக்கிறது.

முடியிலும் நகத்திலும் உள்ள இழைப் புரதமான கெரட்டினில் ஏழேழு அமினோ அமிலங்களாக ஒரு வரிசை திரும்பத் திரும்ப வரும். அதில் முதலாவதும் நான்காவதும் பெரும்பாலும் நீர்வெறுப்பவை. சுருளின் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலங்கள் என்பதால் ஏழு என்பது இரண்டு சுற்றுக்குச் சற்றுக் குறைவு. எனவே நீர்வெறுக்கும் பட்டை சுருளின் ஒரே பக்கத்தில், லேசாகச் சாய்ந்தபடி ஓடுகிறது. நீர் படாமல் அதை மூட இன்னொரு சங்கிலி வேண்டும். பட்டை சாய்வதால் இரண்டும் ஒன்றையொன்று இடப்புறமாக முறுக்கிக்கொள்கின்றன.

மயோகுளோபின் சுருள்களிலும் அதே போன்ற பட்டை உண்டு. ஆனால் 7 முதல் 26 அமினோ அமிலங்களுக்குள் ஒவ்வொரு சுருளும் முடிந்து, சங்கிலி திரும்பிவிடுகிறது. எட்டுச் சுருள்களும் தங்கள் பட்டைகளை உள்ளே வைத்து ஒன்றன்மேல் ஒன்று மடிகின்றன. கணக்குப் போட்டுப் பாருங்கள்: ஒரு அமினோ அமிலத்துக்கு 0.15 நானோமீட்டர் வீதம் ஒரே சுருளாக நீண்டிருந்தால் 23 நானோமீட்டர் வரும். உண்மையில் அதன் மிக நீளமான பக்கமே சுமார் 4.5 நானோமீட்டர்தான்.

கொலாஜனை ஆல்ஃபா சுருளில் சேர்ப்பது

ஆல்ஃபா சுருள் ஒரே சங்கிலி, வலஞ்சுழி. இடஞ்சுழிச் சங்கிலிகள் மூன்று, வலஞ்சுழியாக முறுக்கியது கொலாஜன். இந்த மும்முறுக்கு மாதிரியை 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி. என். ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் முன்வைத்தார்கள். மையத்தில் ஒரு ஹைட்ரஜனுக்குத்தான் இடம். அதனால் ஒவ்வொரு மூன்றாவது இடத்திலும், பக்கத்தொகுதியாக ஒரு ஹைட்ரஜன் மட்டுமே உள்ள அமினோ அமிலமான கிளைசின் வந்தாக வேண்டும். அவற்றில் ஒன்று மாறினாலே எலும்பு எளிதில் நொறுங்கும் பிறவி நோய் வரலாம்.

கரைதிறனை வரையறையாக்குவது

'நீரில் கரையாதது இழை, கரைவது கோளம்' என்று எழுதுகிறார்கள். கரைதிறன் விளைவு, காரணமல்ல. அரிவாள் செல் நோயில் ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இழந்ததும் இழைகளாகக் கோத்துக்கொண்டு கரையாமல் போகிறது. ஒவ்வொரு மூலக்கூறும் அப்போதும் கோளம்தான்.

மயோசினை ஒரே பெட்டியில் அடைப்பது

தசையைச் சுருங்கவைக்கும் புரதமான மயோசினின் வால் இழை, தலை கோளம். இரண்டையும் எழுதுங்கள்.